ஜன்னலில் அசைந்த கை

சிவகாசி ரோட்டைப் பிடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கம்பெனி வேன் எதுவும் ஓடவில்லை. நடந்தேன். வலது உள்ளங்கையில் சுற்றியிருந்த துணி ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. இடது தோளில் பை. பைக்குள் ரெண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு சோப்பு டப்பா.

இடங்களை விட்டுப் போவது எனக்குப் பழக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, ஓசூர் பக்கம் கல் குவாரி, ஒரு லாரி செட், ஒரு பரோட்டா கடை. விட்டதற்கெல்லாம் ஏதோ காரணம் இருந்தது. கூலி, மேஸ்திரி, மூட்டைப்பூச்சி. திரும்பிப் பார்க்காமல் போகத் தெரியும். அன்றைக்கு மட்டும் ரோட்டில் பாலம் வந்த இடமெல்லாம் நின்று திரும்பிப் பார்த்தேன். அங்கே போன் மணி அடித்தால் இவ்வளவு தூரத்துக்குக் கேட்காது. தெரிந்தும் நின்றேன்.

விட்டுவந்த ஊரின் பெயர் வேண்டாம். எம். புதுப்பட்டியைத் தாண்டிப் போனால் வரிசையாக வருகிற பட்டாசு ஊர்களில் அது ஒன்று. கரிசல் காட்டில் வேலை செய்த குடும்பங்கள்தான் எல்லாம். நான் போனபோது காட்டில் யாரும் இல்லை, பட்டாசுக் கம்பெனியில் இருந்தார்கள். ஊர் நடுவில் சின்ன தேவாலயம். வளாகத்துக்குள்ளேயே போதகர் வீடு. கிறிஸ்துமஸுக்குப் பந்தல் போட வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். கூட்டுவேன், தண்ணீர் எடுத்து ஊற்றுவேன், மணி அடிக்கிறவருக்கு முடியாத நாளில் மணி அடிப்பேன். போதகரின் மனைவி சோறு போட்டார். ஊரில் போதகரை ஐயர் என்பார்கள், அவரை ஐயரம்மா. எனக்கு எந்தச் சாமியோடும் பெரிய பழக்கம் இல்லை. அவர் அதைக் கேட்டதும் இல்லை.

இரண்டாயிரத்து எட்டு, பொங்கல் முடிந்த சமயம். கென்யாவில் தேர்தல் நடந்து, முடிவில் திருட்டு என்று சண்டை மூண்டு, சனங்கள் வெட்டிக்கொண்டு சாகிறார்கள் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்தது. அந்த மக்களோடு நாம் நிற்க வேண்டும், ஒரு ஞாயிறு ஆராதனையை அவர்களுக்காகவே நடத்த வேண்டும் என்று போதகர் அறிவித்தார். மதுரையில் ஒரு கல்லூரியில் படிக்கிற கென்யா பையன் ஒருவரை அழைத்திருப்பதாகவும் சொன்னார்.

மறுநாள் டீக்கடையில் அதுதான் பேச்சு.

“கென்யாவா? அது எங்கனய்யா இருக்கு?”

“ஆப்பிரிக்காவுல.”

“அங்கனயும் ஓட்டுப் பெட்டிய மாத்திட்டானுகளா? அப்ப நம்ம ஆளு எவனோ போயித்தான் கத்துக்குடுத்திருக்கான்.”

பக்கத்தில் இருந்தவர் சிரிக்காமல் சொன்னார்: “போன வருசம் நம்ம சபைத் தேர்தல் நடந்துச்சே, அதுக்கு யாராச்சும் ஜெபம் பண்ணுனாகளா? இதோட அதையும் சேத்துக்கச் சொல்லு.”

சபைக் கமிட்டிச் செயலாளர் அங்கேதான் நின்றிருந்தார். டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கேலி பேசினார்களே தவிர, அந்த வாரம் பெண்கள் உபவாசம் இருந்தார்கள். கம்பெனியில் வெறும் வயிற்றோடு வேலை பார்த்துவிட்டு, வேனை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கோயிலுக்கு வந்து முழங்காலில் நின்றார்கள். நாட்டின் பெயர் சிலருக்கு வாயில் நுழையவில்லை. ‘அந்த ஊர்ச் சனம்’ என்றே ஜெபித்தார்கள். முன்வரிசையில் எப்போதும் ஒரு அக்கா இருப்பார். கம்பெனியில் வெடிமருந்து அறை வெடித்ததில் கணவரைப் பறிகொடுத்தவர். அவருடைய ஜெபம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: “ஆண்டவரே, காத்துக்கிட்டிருக்கிறவகளுக்கு ஒரு பதிலச் சொல்லுங்க. நல்லதோ கெட்டதோ, பதிலச் சொல்லுங்க.”

வெடி போடுவதைப் பற்றிய பேச்சு சனிக்கிழமை வந்தது. செயலாளர் கம்பெனியிலிருந்து ஒரு பத்தாயிரம் வாலா சரத்தை இனாமாக வாங்கி வந்திருந்தார். போதகர் தயங்கினார்.

“துக்கத்துல இருக்கிற பிள்ளைக்கு வெடி எதுக்கு?”

“ஐயரே, நல்லாச் சொன்னீக. பிஷப் வந்தாப் போடுதோம், எம்.எல்.ஏ. வந்தாப் போடுதோம். அந்தப் பிள்ளை அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து நம்ம வாசல மிதிக்குது. போடலேன்னா நம்மள மதிக்கலேன்னுல்ல நெனைக்கும்?”

“ஆராதனை முடிஞ்ச பெறகு போடுங்க, அப்ப.”

எனக்கும் செயலாளர் சொன்னதுதான் சரியாகப் பட்டது. அந்த ஊரில் வெடி இல்லாமல் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. கல்யாணத்துக்கு வெடி, பிணத்துக்கு முன்னால் வெடி, எந்தக் கட்சி ஜெயித்தாலும் வெடி. அந்தச் சனங்கள் கையால் செய்கிற பொருள் அது ஒன்றுதான். வந்தவருக்குக் கொடுக்க அவர்களிடம் வேறென்ன இருக்கிறது என்று நினைத்தேன். சரத்தை வாசல் கேட்டிலிருந்து கோயில் படி வரைக்கும் விரிக்கிற வேலையும், பற்ற வைக்கிற வேலையும் எனக்கு.

கென்யாக்காரர் ஞாயிறு காலை மதுரை பஸ்ஸில் வந்து இறங்கினார். உயரம், ஒல்லி. வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார். தமிழில் ரெண்டு வார்த்தை வைத்திருந்தார். வணக்கம் ஒன்று, சாப்பிட்டாச்சு இன்னொன்று. மதுரையில் யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டீங்களா என்று கேட்பதால் அதை முதலில் கற்றுக்கொண்டதாக ஐயரம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். ஐயரம்மாவுக்கு ஓரளவு இங்கிலீஷ் வரும். அவர்தான் எனக்கு மற்றதையும் சொன்னார்.

வந்தவருக்கு ஒரே ஒரு தங்கை. வீட்டைக் கொளுத்திவிட்டார்கள். அவள் தப்பி ஓடி, வேறொரு ஊரில் ஒரு தேவாலய வளாகத்தில் கூட்டத்தோடு கூட்டமாகக் கிடக்கிறாள். இதுகூட ஒரு சிநேகிதன் அனுப்பிய ஈமெயில் மூலம் தெரிந்தது. சண்டை மூண்டதிலிருந்து இவர் அவள் குரலைக் கேட்கவில்லை. அங்கே ஒரு நர்ஸிடம் செல்போன் இருக்கிறதாம். வரிசையில் நின்றால் ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேசத் தருவாளாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன் என்று தங்கை சொல்லி அனுப்பியிருந்தாள். இவரிடம் செல்போன் கிடையாது, விடுதி போன் இருக்கும் அறையை ஞாயிறன்று பூட்டிவிடுவார்கள். அதனால் போதகர் வீட்டு நம்பரைக் கொடுத்திருந்தார். எங்கள் ஊருக்கு அவர் வந்ததே பாதி அந்த போனுக்காகத்தான்.

ஆராதனை தொடங்கியது. நான் வெளியே சரத்தின் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் பேசியதும் போதகர் அதைத் தமிழில் சொன்னதும் ஒலிபெருக்கியில் கேட்டது. ஓட்டு எண்ணி முடித்த மறுநாள், பதினைந்து வருடம் பக்கத்து வீட்டில் இருந்தவன் தங்கையின் வீட்டுக் கதவைத் தட்டி, நீ எந்தச் சாதி என்று கேட்டானாம். போதகர் அதைச் சொன்னதும் கோயிலுக்குள் விசிறிச் சத்தம்கூட நின்றுபோனது மாதிரி இருந்தது. அதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் பேசி முடித்ததும் பொன்னாடை போர்த்தத் தொடங்கினார்கள். கமிட்டிக்காரர் ஆளுக்கொன்று. ஒவ்வொருவரும் ரெண்டு வார்த்தை பேசினார்கள். அந்த நேரத்தில்தான் போதகர் வீட்டு போன் அடித்திருக்கிறது. ஐயரம்மா பக்கவாசல் வழியாக வந்து சைகை காட்ட, அவர் தோளில் பொன்னாடைகளோடு எழுந்து ஓடியிருக்கிறார். நான் நின்ற இடத்திலிருந்து பக்கவாசல் தெரியாது. முன்படியில் நின்ற செயலாளருக்குத் தெரிந்ததெல்லாம் விருந்தாளியின் நாற்காலி காலி என்பதுதான். ஆள் வெளியே வந்துவிட்டார், சுற்றி முன்பக்கம் வருவார் என்று நினைத்து, பற்ற வைக்கச் சொல்லித் துண்டை எடுத்து என்னைப் பார்த்து உதறினார்.

நான் ஊதுபத்தியைத் திரியில் வைத்தேன்.

பத்தாயிரம் வாலா வெடிக்கிறபோது பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. நெஞ்சுக்கூட்டுக்குள் அடிக்கும். சனங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். புகைக்கு நடுவே போதகர் வீட்டு ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் அவர். ஒரு கையைக் கம்பிக்கு வெளியே நீட்டி வேகவேகமாக அசைத்தார்.

நாங்கள் எல்லாரும் அவருக்குக் கை அசைத்தோம்.

செயலாளர் ரெண்டு கையையும் தூக்கி அசைத்தார். யாரோ விசில் அடித்தார்கள். அவர் இன்னும் வேகமாக அசைத்தார், நாங்களும் இன்னும் வேகமாக அசைத்தோம். நானும் ஊதுபத்தி பிடித்த கையாலேயே அசைத்தேன். சிரித்துக்கொண்டே அசைத்தேன்.

ஐயரம்மா செருப்பில்லாமல் ஓடிவந்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் வந்தபிறகுதான் கேட்டது. “அணைங்கலே! அணைங்க! போன்ல பேசுதாரு!” நான் முன்னால் ஓடி, நெருப்பு வந்துகொண்டிருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் சரத்தைப் பிடித்து இழுத்துப் பிய்த்தேன். சில வெடிகள் கையிலேயே வெடித்தன. மிச்சச் சரம் தரையில் அப்படியே கிடந்தது.

சத்தம் நின்றபிறகு ஜன்னலிலிருந்து அவர் குரல் கேட்டது. ஹலோ, ஹலோ என்றார். அவருடைய பாஷையில் ஏதோ சொன்னார். மறுபடி ஹலோ. அப்புறம் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து அதைப் பார்த்தார்.

போதகர் ஜன்னலுக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பினார். அந்த முன்வரிசை அக்காதான் கேட்டார். “ஐயரே, அவரு தங்கச்சிப் பிள்ளைக்குக் கேட்டிருக்கும்ல? போனுக்குள்ள இந்தச் சத்தம் கேட்டிருக்கும்ல?”

போதகர் தலையாட்டினார். “படு, கீழ படுன்னு அண்ணனப் பாத்துக் கத்துச்சாம். சுடுறாகன்னு நெனச்சிருக்கு. அப்படியே லைன் கட்டாயிருச்சு.”

திரும்பக் கூப்பிட வழியில்லை. நர்ஸின் நம்பர் அவரிடம் இல்லை. அந்தப் பழைய போனில் கூப்பிட்டவர் நம்பரும் தெரியாது.

அந்த ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனிகள் இருக்கும் திசையிலிருந்து நேரங்கெட்ட நேரத்தில் ஒரு சத்தம் கேட்டால், பெண்கள் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்கள். எந்தக் கம்பெனி, எந்த ரூம் என்று வழியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டே ஓடுவார்கள். கம்பெனி வாசல் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். உள்ளேயிருந்து தன் ஆள் நடந்து வருகிறவரை அவர்களிடம் யாரும் பேச முடியாது. சத்தத்தைக் கேட்டுவிட்டு முகத்தைப் பார்க்காமல் நிற்பது என்றால் என்னவென்று, அன்றைக்கு அந்த வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். உலகத்தில் வேறு எந்தச் சபையையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள்தான் அந்தச் சத்தத்தைப் போட்டார்கள். நான் பற்ற வைத்தேன்.

பந்தலில் அசன விருந்துக்கு ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்து இறங்கியிருந்தது. பிள்ளைகளுக்கு மட்டும் பரிமாறினார்கள். பெரியவர்கள் யாரும் உட்காரவில்லை. அவர் போன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெண்கள் ஒவ்வொருவராக ஜன்னலுக்குப் போய், “சாப்பிட்டீகளா?” என்று கேட்டார்கள். வேறு என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் ஒவ்வொருவரிடமும் எழுந்து நின்று, “சாப்பிட்டாச்சு” என்றார். காலையிலிருந்து அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

செயலாளர் வேப்பமரத்தடியில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “நான் துண்ட ஒதறுனேன், அம்புட்டுத்தான். இந்தப் பரதேசிப்பய அவசரப்பட்டுப் பத்த வச்சுட்டான்.” எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார்.

குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். விருந்தாளி எழுந்து வந்தார். போன் பக்கத்தில் ஐயரம்மாவை உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறார். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. தோளில் கிடந்த பொன்னாடைகளில் ஒன்றை எடுத்து என் கையில் சுற்ற வந்தார். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அந்த நேரத்திலும் ஒரு காது போன் பக்கமே இருந்தது, முகத்தில் அது தெரிந்தது.

அதை நின்று வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. அவர் திட்டியிருந்தால் அந்த ஊரில் இன்னும் ஆறு மாதம் இருந்திருப்பேன். அவர் திரும்பி ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கையில் சுற்றியது ரோட்டுக்கு வந்தபிறகுதான்.

அன்று சிவகாசி பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். விடிந்ததும் ஒரு எஸ்.டி.டி. பூத் திறந்தது. போதகர் வீட்டு நம்பர் எனக்கு மனப்பாடம். கோயில் போர்டில் புது பெயின்ட் வைத்து அதை எழுதியதே நான்தான். அவள் கூப்பிட்டாளா என்று ஐயரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

மணி ஒரு தடவைகூட முழுசாக அடிக்கவில்லை. எடுத்துவிட்டார்கள். மதுரைக்குத் திரும்பாமல் போன் பக்கத்திலேயே இருந்த அவர் குரல். ஒரு பெயர் சொன்னார், பெண் பெயர். சொல்லிவிட்டு அவருடைய பாஷையில் வேகமாகப் பேசத் தொடங்கினார். நடுவில் நிறுத்தி நான் பேசுவதற்காகக் காத்திருந்தார். நான் என்ன பேச? மறுபடி அந்தப் பெயரைச் சொன்னார். இந்தத் தடவை மெதுவாக, ஒரு குழந்தையைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி.

“ஐயரம்மா” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

ரிசீவர் கை மாறியது. “யாரு?”

“நாந்தான்மா. போன் வந்துச்சான்னு…”

“ஏலே, நீயா? எங்கன கெடக்கே? கை எப்படி இருக்கு?” என்றார். உடனே, “வைப்பா, மொதல்ல போன வை. அந்தப் பிள்ளை கூப்பிட்டா லைன் கிடைக்கணும்ல. வை.”

வைத்தேன்.

ஒரு வருடம் கழித்துச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில், இருக்கன்குடி கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவில் ஐயரம்மாவைப் பார்த்தேன். ஒளியலாம் என்று பார்த்தேன், அதற்குள் பார்த்துவிட்டார். அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே அவள் கூப்பிட்டுவிட்டாளாம். அண்ணன் குரலைக் கேட்டதும் முதலில் நம்பவில்லையாம். “அங்கன, வீடெல்லாம் எரிஞ்சு வந்து கெடந்த சனம் அம்புட்டும், இந்தியாவுல சுட்டுட்டாக, இந்தப் பிள்ளையோட அண்ணன் பொழைக்கணும்னு விடிய விடிய ஜெபம் பண்ணுச்சாம்ப்பா” என்றார் ஐயரம்மா. “நம்ம வெடி போட்ட கதைய இவரு சொல்லியிருக்காரு. எதுக்குப் போட்டாகன்னு கேட்டாளாம். உங்களுக்காகத்தான்னாராம்.”

இதெல்லாம் பிறகு தெரிந்தது. பூத்தை விட்டு வெளியே வந்தபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அவள் இன்னும் கூப்பிடவில்லை, கூப்பிட்டது நான்.

டீக்கடைப் பக்கம் ஒரு வேன் நின்றிருந்தது. கம்பெனி மேனேஜர் ஒருவர் இறங்கி நின்று ஆள் தேடிக்கொண்டிருந்தார். வடக்கேயிருந்து வியாபாரிகள் வந்திருக்கிறார்களாம், ஆர்டர் கொடுக்குமுன் ஒவ்வொரு ரகத்தையும் வெடித்துக் காட்ட வேண்டுமாம், வழக்கமாகச் செய்கிறவன் வரவில்லையாம்.

“சாம்பிள் பத்த வைப்பியா? பயம் கியம் உண்டா?”

“வைப்பேன்.”

“கையில என்ன?”

“பழைய காயம்.”

ஏறு என்றார். ஏறிக்கொண்டேன். காலையில் சாப்பிடவில்லை, அவர் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்.

கம்பெனிக்கு வெளியே பொட்டல் காட்டில் வியாபாரிகளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். முதலில் ஒரு சரம். சின்னதுதான். தரையில் விரித்துவிட்டு ஊதுபத்தியோடு குனிந்தேன். குனிந்தவன் நிமிர்ந்து சுற்றிப் பார்த்தேன். ஓரமாக ஒரு வியாபாரி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“என்னலே நிக்கே? பத்த வை.”

“அந்தா, அவுக பேசிட்டிருக்காக.”

“யாவாரின்னா ஆயிரம் பேசுவாக. அவுக பேசி முடிக்கதுக்குப் பொழுது அடஞ்சிரும். பத்த வைலே.”

மற்றவர்கள் சிரித்தார்கள். மேனேஜர் இன்னொரு தடவை கத்தினார். ஊதுபத்திச் சாம்பல் வளைந்து என் கைத்துணியில் விழுந்தது. அந்த ஆள் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுத் திரும்புகிறவரை நின்றேன். பிறகு குனிந்து திரியில் வைத்தேன்.